பதினாறாம் நாளுக்கு அப்புறம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதத்தை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். உன் சித்தி மகளுக்கு இருபத்தொன்பது வயசு, பிள்ளைக்கு மூன்று. கம்பெனியில் ஷிப்ட் முடிந்து பைக்கில் கிளம்பிய அவள் புருஷன் விபத்தில் போய், வீடு வந்து சேரவில்லை என்றால் என்ன சொல்வது. நீதான் பட்டவள், என்ன செய்யட்டும் சொல் என்று கேட்டிருக்கிறாய். பட்டது உண்மைதான். என் தம்பி இறந்து, வருகிற ஐப்பசியோடு மூன்று வருஷம். முப்பத்தாறு வயசு, காலையில் நெஞ்சு எரிகிறது என்று சோடா வாங்கிக் குடித்தவன் பதினோரு மணிக்கு இல்லை.

பதினாறு நாளும் வீடு நிறைய ஆள் இருக்கும், அப்போது நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரம் திரும்பிப் போன மறுநாள் காலையில் இருந்துதான் அவளுக்கு ஆள் வேண்டும். அதனால் லீவை எல்லாம் இப்போதே தீர்த்துவிடாதே. "எதுன்னாலும் சொல்லும்மா" என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள், என் தம்பி மனைவி ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கும் தெம்பு வேண்டும் இல்லையா. எதிர்வீட்டு அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் தினமும் காலை ஏழரைக்கு ஒரு டிபன் பாக்ஸில் மூன்று இட்லி கொண்டு வந்து பையனுக்கு ஊட்டிவிட்டுப் போவார். நான்கு மாதம் அப்படி. அவரை இவள் இன்றைக்கும் சொல்வாள்.

நான் செய்த தப்பு வேறு. எல்லாவற்றையும் நானே எடுத்துப் போட்டுச் செய்தேன். அவள் அழுதுகொண்டு கிடக்கிறாள், அவளை எதற்கு அலைக்கழிப்பது என்று பேங்க், தாலுகா ஆபீஸ், இ-சேவை மையம் எல்லாம் நானும் என் வீட்டுக்காரரும்தான். அவள் கையெழுத்து மட்டும் போடுவாள். எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. இரண்டாம் மாதம் தம்பியின் பைக் சும்மா நிற்கிறதே என்று இவர் நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டார், நல்ல எண்ணத்தில்தான். அன்று சாயங்காலம் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பைக் நின்ற இடத்தில் தரையில் இருந்த ஆயில் கறை பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கையால் தடவிக்கொண்டிருந்தான். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்துதான் அப்பாவோடு போவான். அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள், என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் பேங்கில், கவுண்டரில் இருந்தவர் அவள் பக்கத்தில் நிற்கும்போதே என்னைப் பார்த்து "இறந்தவருக்கு இவங்க என்ன உறவு?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையிலிருந்து ஃபாரத்தை இழுத்து, பேனாவையும் வாங்கி, 'மனைவி' என்று எழுதினாள். வெளியே வந்து, "அக்கா, இனிமே எங்கே போனாலும் நானும் வர்றேன், அழுதாலும் பரவாயில்லை" என்றாள். உனக்கு நான் சொல்ல நினைப்பது அவ்வளவுதான், செல்வி. நாளைக்கு நீ போனால் வேலைகளைச் செய், ஆனால் அவளையும் கூட்டிக்கொண்டு போ.

வேலைகள் எவையென்றால், அவள் புருஷனின் செல்போன் நம்பரை நிறுத்தவிடாதே. மாதாமாதம் ரீசார்ஜ் பண்ணு, ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். பாஸ்புக்கை வாங்கி மே, ஜூன் பக்கத்தைப் பார், 436 ரூபாய், 20 ரூபாய் என்று பிடித்திருந்தால் அவை பிரதமர் பெயரில் உள்ள இரண்டு இன்சூரன்ஸ், முதலாவதில் 2 லட்சம், இது விபத்து என்பதால் இரண்டாவதிலும் 2 லட்சம். எங்கள் தம்பி கணக்கில் அந்த 436 இருந்தது யாருக்கும் தெரியாது, தற்செயலாகப் பார்த்தோம். பி.எஃப். (சம்பளத்தில் பிடிக்கும் வைப்பு நிதி) இருந்தால் சேமிப்புப் பணம் மட்டும் வாங்கிவிட்டு வந்துவிடாதீர்கள். அதோடு சேர்ந்த இன்சூரன்ஸ் 7 லட்சம் வரை உண்டு, அவளுக்கும் பிள்ளைக்கும் பென்ஷன் உண்டு. இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தார்களா என்று சம்பள ரசீதில் பார். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்த விபத்தையும் அதில் கேட்க இடமிருக்கிறது, கம்பெனி தானாகச் சொல்லும் என்று காத்திருக்காதே. கேஸ் நடத்தித் தருகிறேன் என்று வாசலுக்கே வக்கீல்கள் வருவார்கள், வெற்றுத் தாளில் ஒரு கையெழுத்தும் போட வேண்டாம் என்று சொல்லிவை.

மரணத்தை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதிலேயே பெயரையும் இனிஷியலையும் ஆதாரோடு ஒத்துப் பார்த்துவிடு. எங்களுக்கு அவள் ஆதாரில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் புருஷன் இனிஷியல், இதற்கு மட்டும் நான்கு நடை. வாரிசு சான்றிதழில் மாமியார் பெயரும் வரும், சட்டப்படி மகன் சொத்தில் அம்மாவுக்கும் சம பங்கு. எங்கம்மா, "என் பேரனுக்குத்தானே" என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டாள். எல்லா வீட்டிலும் அப்படி இருக்காது, அதனால் யாராவது பெரியவரை வைத்து வீட்டிலேயே பேசிவிடுங்கள், அந்த அம்மாவும் பிள்ளையைப் பறிகொடுத்தவள், ஆபீஸ் வராந்தாவில் நிறுத்திக் கேட்கக்கூடாது.

குழந்தையிடம் அப்பா தூங்குகிறார் என்று யாரையும் சொல்லவிடாதே. தம்பி மகனிடம் நான்தான் அப்படிச் சொன்னேன். அதற்கப்புறம் பல மாதம் அவன் ராத்திரியில் எழுந்து அம்மாவின் கண் இமையை விரலால் திறந்து திறந்து பார்ப்பான். அப்பா செத்துப்போய்விட்டார், இனி வரமாட்டார் என்று அவளே ஒரு நாள் மடியில் வைத்துச் சொன்னாள். அழுதான், அப்புறம் தூங்கினான்.

பூ, பொட்டு பற்றி அந்த வீட்டுக் கிழவிகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்தச் சடங்குக்கு முந்தின ராத்திரியே அவளைத் தனியாகக் கூட்டிப்போய் உனக்கு என்ன வேண்டும் என்று கேள். வேண்டாம் என்றால் அன்று நீ குறுக்கே நில், உன்னால் முடியும்.

என் தம்பி மனைவி இப்போது ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறாள். உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன். அந்தப் பெண்ணிடம் என் நம்பரைக் கொடுங்கள், ஆனால் நான் கூப்பிட மாட்டேன், அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கூப்பிடட்டும், ராத்திரி இரண்டு மணி ஆனாலும் எடுப்பேன் என்றாள். நம்பரைத் தனியாக அனுப்புகிறேன்.

உன்,
கலா