தம்பியிடம் பேசிக்கொண்டே இருந்தவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், பட்டறைத் தம்பிகளுக்கும், மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். போன வாரம் தம்பி என்னை "கா" என்று கூப்பிட்டான். 'அக்'கைக் காணோம், பரவாயில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோவில்பட்டி பைபாஸில் பைக்கோடு விழுந்தவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

அன்று ராத்திரி 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை அவன் தலை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் அண்ணன் பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். எங்கிருந்தாலும் நல்லா இருங்கள், அண்ணா.

ஆபரேஷன் செய்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். மூன்றாவது வாரம் கண் திறந்தான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். ஆனால் அந்தக் கண் யாரையும் பார்க்கவில்லை. கோமா முடிந்தும் நினைவு வராமல் விழித்தே கிடக்கும் நிலை ஒன்று உண்டென்று அப்புறம்தான் தெரிந்தது. வருஷம் ஒன்று ஓடியது. "இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்கம்மா" என்று ஓர் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

அப்படிச் சொல்லாதவர் பிசியோதெரபி சார். வருஷம் கழித்தும் சிலருக்கு நினைவு திரும்புவதால், இந்த நிலைக்கு வைத்திருந்த 'நிரந்தரம்' என்ற சொல்லை அமெரிக்க நரம்பியல் மருத்துவர்களே 2018-இல் 'நாள்பட்டது' என்று மாற்றிவிட்டார்களாம். அங்கே டெர்ரி வாலிஸ் என்பவருக்கு 1984-இல் விபத்து. 2003-இல்தான் "அம்மா" என்றாராம். பத்தொன்பது வருஷம்! கேட்டதும் தைரியமும் வந்தது, வயிற்றையும் கலக்கியது.

பதினாலாவது மாதம் ஒருநாள். நினைவு திரும்புகிறதா என்று சார் விரலை ஆட்டிப் பார்த்தார், கண் பின்தொடரவில்லை. "விரலுக்கு அசையாத கண் சொந்த முகத்துக்கு அசையலாம், கண்ணாடி இருக்கா?" என்றார். எங்கள் வீட்டுக் கண்ணாடி பீரோவோடு சேர்ந்தது. பார்க்க வந்திருந்த பட்டறைப் பையன் தெருவுக்கு ஓடி, தன் பைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தான். முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார். கருவிழி கூடவே போனது. வலப்பக்கம், போனது. தற்செயலோ என்று நாலு தடவை பார்த்தார். எனக்குக் கால் நிற்கவில்லை. தம்பி, உன் கண்ணாடி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

ராத்திரியில் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்த ஆயாம்மா, "ராசா, இந்தப் பக்கம் திரும்புவோமா?" என்று கேட்காமல் அவனைத் தொட்டதே இல்லை. முதுகில் ஒரு புண் கிடையாது. பட்டறைப் பையன்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, இன்றைக்கு எந்த வண்டிக்கு பிளக் மாற்றினோம் என்று கணக்குச் சொல்வார்கள். பதில் வராத ஆளிடம் பேசுவது எவ்வளவு கஷ்டம்! நானே பல நாள் பேசாமல் துணி மடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சினிமாவில் வருகிற மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடவில்லை. இடது கை வரவில்லை, கிழமை தெரியாது, பத்து நிமிஷத்தில் களைத்துவிடுகிறான். அதனால் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் ஒவ்வொருவராக வாருங்கள். மருந்துக்கடை அண்ணாச்சி, கேட்காமலே கடன் கொடுத்தீர்கள். பாக்கி மாசக் கடைசியில் வந்துவிடும்.

இப்படிக்கு,
அவன் அக்கா