பெரு அதிபர் பதவியும் 87 வாக்குகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருவில் அதிபர்கள் அடிக்கடி மாறுவது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். வருகிறவர்கள் எல்லோரும் ஊழல்வாதிகள், அதனால்தான் யாரும் நிலைப்பதில்லை என்ற தொனியில் முடித்திருந்தீர்கள். ஊழல் உண்மைதான். ஆனால் முன்னாள் அதிபர்கள் டொலேடோவும் உமாலாவும் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை முழுசாக முடித்தவர்கள். ஊழல் வழக்குகளில் நீதிமன்றம் அவர்களைத் தண்டித்ததெல்லாம் பல வருடம் கழித்துத்தான். அப்புறம் 2016இல் ஜெயித்த குசின்ஸ்கியும் 2021இல் ஜெயித்த காஸ்டில்லோவும் ஏன் பாதிக்காலம்கூடத் தாண்டவில்லை?

1993 அரசியல் சட்டத்தின் 113ஆவது பிரிவைப் பாருங்கள். அதிபர் இறந்தால் பதவி காலி, ராஜினாமா ஏற்கப்பட்டால் காலி. கூடவே, அவருக்கு 'நிரந்தர ஒழுக்கத் தகுதியின்மை' என்று நாடாளுமன்றம் அறிவித்தாலும் காலி. எது அந்தத் தகுதியின்மை என்று சட்டத்தில் விளக்கம் இல்லை. இதுவரை 130 பேர் கொண்ட ஒற்றை அவையில் 87 பேர் வாக்களித்தால் போதுமாக இருந்தது. இத்தனைக்கும், பதவியில் இருக்கும் அதிபர்மேல் தேசத்துரோகம், தேர்தலைத் தடுப்பது போன்ற ஒருசில குற்றங்களை மட்டுமே சாட்டலாம் என்கிறது 117ஆவது பிரிவு. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை இது.

2020 நவம்பர் 9 அன்று அதிபர் விஸ்கார்ராவை 105 வாக்குகளில் நீக்கினார்கள். முன்பு ஒரு மாகாண ஆளுநராக இருந்தபோது லஞ்சம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. அதில் அவர் பின்னாளில் தண்டிக்கப்பட்டார், மறுக்கவில்லை. ஆனால் அன்று தீர்ப்பு எதுவும் வரவில்லை. கொரோனாவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்த நாட்டில் அடுத்த தேர்தலுக்கு ஐந்தே மாதம் இருந்தது. நாடாளுமன்றத் தலைவர் மெரினோ அதிபரானார். தலைநகர் லிமாவின் தெருக்களில் இளைஞர்கள் திரண்டார்கள், இருவர் கொல்லப்பட்டார்கள், ஐந்தே நாளில் மெரினோ ராஜினாமா செய்தார். அடுத்த சில நாட்களிலேயே அரசியல் சட்டத் தீர்ப்பாயத்துக்கு 'நிரந்தர ஒழுக்கத் தகுதியின்மை' என்ற சொற்களுக்கு விளக்கம் சொல்லும் வாய்ப்பு கிடைத்தது. பெரும்பான்மை நீதிபதிகள் மனுவைத் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அன்றே ஒரு வரையறை சொல்லியிருக்க வேண்டும்.

காஸ்டில்லோவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2022 டிசம்பர் 7 அன்று, கையில் காகிதம் நடுங்க, நாடாளுமன்றத்தைக் கலைப்பதாகத் தொலைக்காட்சியில் வாசித்தவர் அவர். அது சட்டமீறல். அவரை நீக்கியது சரி.

ஆனால் அடுத்து வந்த டினா பொலுவார்ட்டே? அவர் பதவியேற்ற முதல் சில மாதங்களில் போராட்டங்களில் சுமார் 50 பேர் இறந்தார்கள். நாடாளுமன்றம் அவரைத் தாங்கிப் பிடித்தது. 2025 அக்டோபரில், தேர்தல் நெருங்கிய நேரத்தில், அதே கட்சிகள் ஒரே ராத்திரியில் அவரைத் தகுதியற்றவர் என்று அறிவித்தன. எனக்குக் கோபம் இதில்தான். அதிபர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, அந்த 87 பேருக்கு அன்று என்ன தேவை என்பதே அவர் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

அடுத்த முறை பெரு அதிபரைப் பற்றி எழுதும்போது அவர்மீதான குற்றச்சாட்டோடு, எந்தக் கட்சிகள் எப்படி வாக்களித்தன என்பதையும் தயவுசெய்து சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி