அந்த ஆய்வின் முடிவு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 81. பக்கவாதத்துக்குப் பிறகு இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். மூன்று வருடத்துக்கு முன், முதியோர் தவறி விழுவது பற்றி ஆய்வு செய்ய ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு மாணவிகள் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார்கள். எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொண்டார்கள். பொறுமையான பிள்ளைகள், அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். "ஒரு தடவைகூட இல்லை" என்றார் அம்மா.

நான்கு தடவை விழுந்திருந்தார். தூக்கி உட்காரவைத்தவள் நான். சொன்னால் இனி தனியாக நடக்க விடமாட்டார்களே என்ற பயம் அவருக்கு. நான்கு முறையும் இரவில்தான், விளக்குப் போடாமல் குளியலறைப் படியைத் தாண்டும்போது. பகல் வெளிச்சத்தில், சமதரையில் 3 மீட்டரை அவர் நன்றாகவே நடந்துவிடுவார். பக்கத்திலேயே நின்றிருந்த என்னைக் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

படிவம் அச்சாகும் முன்பே நாலு முதியவர்களையும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் அழைத்துப் பேசியிருந்தால் இதெல்லாம் முதல் நாளே தெரிந்திருக்கும். அப்படி ஒரு குழு ஒவ்வொரு ஆய்விலும் ஆரம்பத்திலிருந்தே இருக்க வேண்டும். எதைக் கேட்பது என்பதில் அவர்கள் பேச்சு எடுபட வேண்டும், அவர்கள் செலவழிக்கும் நேரத்துக்குப் பணமும் தர வேண்டும். படிப்பு முடிந்ததும் மாணவர்கள் போய்விடுவார்கள், அது இயல்புதான். ஆனால் ஆய்வுக்கு வந்த வீடுகளோடு தொடர்பில் இருக்க நிலையான ஒருவர் வேண்டாமா? எங்களிடம் கொடுத்த தொலைபேசி எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, திரட்டிய புள்ளிவிவரங்களை அவர்களுக்கும் எட்டும்படி வெளியிடும் பொறுப்பை அரசுகளுக்குத் தருகிறது. பல்கலைக்கழகங்களும் தாங்களாக முன்வந்து அதைச் செய்யலாம். ஆய்விதழில் கட்டுரை வரட்டும், சந்தோஷம். அப்புறம், கண்டறிந்ததை ஒரே ஒரு தாளில் எளிய தமிழில் எழுதி, நேரம் ஒதுக்கிப் பதில் சொன்ன எல்லோர் வீட்டுக்கும் அனுப்பட்டும். அம்மாவுக்குக் கண் மங்கல், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது. வாசித்துக் காட்ட நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி