என் பார்லருக்கு வரும் அக்கா தங்கைகளுக்கு: விலை பற்றியும் அட்வான்ஸ் பற்றியும்

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும், கல்யாணப் பெண்ணைக் கூட்டிவரும் அம்மாக்களுக்கும்,

வணக்கம். மதுரையில் பதினோரு வருடமாக இரண்டு நாற்காலி போட்டு லேடீஸ் பார்லர் நடத்துகிறேன். இத்தனை நாளும் வாய்ப்பேச்சிலேயே புக்கிங் எடுத்தேன். தை 1 முதல் பெரிய வேலைகளுக்கு அட்வான்ஸ் வாங்கப் போகிறேன். சுவரில் ஒரு வரி எழுதி ஒட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை 11 மணிக்கு ஸ்மூத்தனிங், அதாவது முடியை நேராக்கும் வேலை, வேண்டும் என்று ஒரு தங்கை சொல்லியிருந்தார். இடுப்பு வரை முடி. அலசிக் காயவைத்து, க்ரீம் போட்டு ஊறவிட்டு, மறுபடி அலசி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அயர்ன் செய்து, நேரான முடி அப்படியே நிற்க நியூட்ரலைசர் போட்டு எழுப்புவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதற்காக ரூட் டச்சப் (வேர்ப் பக்கம் மட்டும் கலர்) கேட்ட இரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். என்னோடு வேலை பார்க்கும் பெண் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, சீக்கிரமே வந்து எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். 11.40க்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். மதியம் ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில், "ஸாரிக்கா, வீட்டுக்கு கெஸ்ட் வந்துட்டாங்க." அந்தப் பெண் மடித்து வைத்த டவல்களையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு வரச் சொன்னவர்களில் ஒருவர்தான் வந்தார்.

விருந்தாளி வந்த வீட்டை விட்டுவிட்டு யாரும் வர முடியாது, எனக்குப் புரிகிறது. காலை எட்டு மணிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டிருப்பேன். எனக்கு அது போதும்.

இனி இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலைக்கு 500 ரூபாய் அட்வான்ஸ். முந்தின நாள் அதே நேரத்துக்குள் சொல்லிவிட்டால் முழுசாகத் திருப்பிவிடுவேன், அல்லது தேதியை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு சொன்னால் திருப்ப மாட்டேன். அதில் பாதி அந்தத் திருமங்கலத்துப் பெண்ணுக்குப் போகும். த்ரெட்டிங், ஹேர்கட், ஃபேஷியலுக்கு அட்வான்ஸே கிடையாது. புதிதாக டை அடிப்பவர்கள் இரண்டு நாள் முன்னால் வந்து காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள், அதற்குக் காசு இல்லை. அரித்தாலோ சிவந்தாலோ வேலையும் வேண்டாம், அட்வான்ஸும் உங்களுடையது.

சரி, விலைக்கு வருகிறேன். இதில் தப்பு எங்கள் பக்கம்தான். போனில் "ஆயிரத்து ஐந்நூறுலேர்ந்துக்கா" என்று சொல்லிவிட்டு, உட்காரவைத்துப் பின்னலை அவிழ்த்த பிறகு 2800 என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒருமுறை ஓர் அம்மா பர்ஸைத் திறந்து, திரும்பி நின்று நோட்டை எண்ணினார். மகள் தலையில் அதற்குள் பாதி கலர் போட்டாகிவிட்டது. அவர் எதுவும் பேசவில்லை. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. இனி தலையில் தண்ணீர் படுவதற்கு முன்பே முடியைப் பார்த்து, தொகையைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். கடைசியில் அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்க மாட்டேன். அலசுவது, காயவைப்பது எல்லாம் அதற்குள்ளேயே.

நீள முடிக்கு ஏன் கூட என்று கேட்கிறீர்கள். தோள் வரை உள்ள முடிக்கு ஒன்றரை ட்யூப் கலர் போதும், இடுப்பு வரை என்றால் மூன்று ட்யூபும் பத்தாமல் போகும். கலர் பிடிக்கச் சேர்க்கும் டெவலப்பரோடு ஒருமுறை கலந்துவிட்டால் மிச்சத்தை எடுத்து வைக்கவும் முடியாது, கொட்ட வேண்டியதுதான். ஆனால் நுனி மட்டும் வெட்டும் ஹேர்கட்டுக்கும் நீளம் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதற்கு ஒரு நியாயமும் இல்லை. இனி எல்லோருக்கும் ஒரே விலை.

ஜிஎஸ்டி குறைந்ததே, நீ ஏன் குறைக்கவில்லை என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பார்லர் வேலைக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது உண்மை. ஆனால் என் கடையின் வருட வரவு 20 லட்சத்துக்குக் கீழே. அந்த அளவு வரை பதிவு கட்டாயமில்லை என்பதால் நான் ஜிஎஸ்டி பதிவில் இல்லை. அதனால் உங்களிடம் அந்த வரியை வாங்கியதும் இல்லை, வாங்கவும் கூடாது. ஜிஎஸ்டி எண் இல்லாத பில்லில் யாராவது வரி போட்டால் கட்டாதீர்கள்.

கல்யாண புக்கிங்தான் எனக்குப் பெரிய கவலை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. மிச்ச மாதங்களில் வரும் முகூர்த்த நாட்களை வைத்துத்தான் என் வருடமே ஓடுகிறது. திருப்பரங்குன்றத்தில் காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால் மூன்றரைக்குப் பெண் முன்னால் நிற்க வேண்டும், அன்று இன்னொரு பெண்ணுக்குப் போக முடியாது. முந்தின நாளே மாட்டுத்தாவணியில் சடைக்குப் பூ வாங்கியாக வேண்டும். முகூர்த்தத்துக்கு முன்னால் மல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிடும், சில நாள் அதற்கும் பல மடங்கு மேலே போகும்.

அதனால் பேசிய தொகையில் 30 சதவீதம் அட்வான்ஸ். 15 நாளுக்கு முன்னால் சொன்னால் முழுசாகத் திருப்புவேன், அப்புறம் சொன்னால் பாதி. அதே நாளுக்கு எனக்கு வேறு புக்கிங் கிடைத்தால் அந்தப் பாதியும் உங்களுக்கே. வீட்டில் துக்கம் என்றாலோ கல்யாணம் நின்றுபோனாலோ நான் கணக்கே பார்க்க மாட்டேன், எந்த நாள் சொன்னாலும் முழுப் பணமும் வரும். நான் வர முடியாமல் போனால் அட்வான்ஸைத் திருப்பி, என் இடத்துக்கு ஆளும் பிடித்துத் தருவேன். அவர் கூடக் கேட்டால் அந்த வித்தியாசம் என் பொறுப்பு.

அட்வான்ஸ் என்று எங்கள் இஷ்டத்துக்கு எவ்வளவும் வாங்கிவிட முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அளவுக்கு மீறிய டெபாசிட்டையும் கடைக்காரருக்கு ஆன நஷ்டத்துக்குப் பொருந்தாத அளவு அபராதத்தையும் நியாயமற்ற ஒப்பந்தம் என்றே சொல்கிறது. என் கடையில் அப்படி நடந்தாலும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

அதற்கு முன்னால், மேலே எழுதியதில் எதாவது சரியில்லை என்று பட்டால் நேரில் வந்து என்னிடம் சொல்லுங்கள். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது, போர்டு எழுதக் கொடுக்கவில்லை. மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை பெரும்பாலும் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பார்லர் அக்கா