வாஷர் மாற்றச் சொல்லிக்கொடுக்க நீ வர வேண்டும்

மேடவாக்கம், சென்னை
ஆனிக் கடைசி

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பட்டறையில் வேலை நெருக்கியதால் இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், மனசுக்கு நிம்மதியாக இருந்தது. கார் நெல் நடவு முடிந்ததா? ஆற்றில் தண்ணீர் எப்படி?

விவசாயத்துக்குக் கரண்டு இலவசம், சோலார் பம்பும் வந்தாயிற்று, இந்த வயதில் தண்ணீர் இறைக்கிற காற்றாடி கட்டுவது எதற்கு என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஓடுகிற தோட்டத்துக்குக் காற்றாடி வை என்று நான் சொல்லவே மாட்டேன். என் மனசில் இருப்பவர்கள் செய்யூர் பக்கம் மணல்காட்டில் அரை ஏக்கர், முக்கால் ஏக்கரில் கீரையும் மல்லியும் போடுகிறவர்கள். உறைகிணற்றில் ஐந்தாறு மீட்டரில் தண்ணீர் நிற்கிறது. கரண்டு இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். டீசல் வாங்கி இறைத்தால் கீரைக்கட்டு விற்ற காசு அதற்கே போய்விடுகிறது. மத்தியானம் ஆனால் அவர்கள் தலைக்கு மேலே கடல்காற்று பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சோலாரை நான் குறை சொல்லவில்லை. அதன் கன்ட்ரோலர் பழுதானால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டும். காற்றாடியில் எது உடைந்தாலும் பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறையில் சரி செய்துவிடலாம்.

நாங்கள் கட்டுவது 3 மீட்டர் குறுக்களவு உள்ள சக்கரம். காற்று விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசினால் ஆறு மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்குச் சுமார் ஆயிரம் லிட்டர் ஏறும். அதுவே 4 மீட்டர் வேகமானால் இரண்டு மடங்குக்கும் மேலே. காற்றின் வேகம் இரட்டித்தால் அதில் இருக்கிற சக்தி எட்டு மடங்கு ஆகிறது அல்லவா? அதனால்தான் சவுக்குத் தோப்பின் மறைவில் டவரை நட்டுவிட்டு "சுத்தவே மாட்டேங்குது" என்று அழுவதில் பயனில்லை என்று கட்டப் பழக வருகிற பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மரத்தின் தலையைத் தாண்டிச் சில மீட்டராவது மேலே போக வேண்டும். காற்று நின்ற நாளுக்கு ஒரு தொட்டி கட்டாயம்.

சனி ஞாயிறுகளில் பதினான்கு பேர் வருகிறார்கள். துரைப்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் நாலைந்து பேர், நர்சிங் படிக்கிற ஒரு பெண், கால் டாக்ஸி ஓட்டுகிற ஒருவர், ரிட்டயரான தமிழாசிரியர் ஒருவர். காற்றாலை என்றதும் எல்லோர் மனசிலும் வருவது முப்பந்தலில் நிற்கிற மூன்று இறக்கை ராட்சசன்தான். அது வேகமாகச் சுற்றிக் கரண்டு எடுக்கிற ஜாதி. நமக்கு வேண்டியது மெதுவாகச் சுற்றினாலும் கனமாக இழுக்கிற சக்கரம், அதனால் தகட்டு இறக்கை பன்னிரண்டு, பதினெட்டு என்று நெருக்கமாக வைக்கிறோம். 1854-இல் அமெரிக்காவில் டேனியல் ஹாலடே பண்ணைக் கிணறுகளுக்குச் செய்தாரே, அந்த வம்சம். தமிழாசிரியர் கேட்டுவிட்டு, "கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை, நாலுக்கும் திரும்புமா?" என்றார். வால் ஒன்று இருந்தால் நாலுக்கும் திரும்பும் என்றேன். அன்றிலிருந்து வால் செய்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

சக்கரத்தின் நடுப்பாகத்துக்குப் புதுப்பேட்டையில் பழைய கார் பின் அச்சும் ஹப்பும் வாங்கினோம். பேரிங் நல்லதாக இருக்கிறதா என்று காதோரம் வைத்துச் சுற்றிப் பார்க்க அந்த நர்சிங் பெண்தான் முதலில் கற்றுக்கொண்டாள். இறக்கைகளைப் பூட்டியதும் சக்கரத்தைக் கையால் லேசாகத் தள்ளிவிடுவோம். ஒவ்வொரு தடவையும் அதே இறக்கை அடியில் வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்கத்தில் ஒரு நட்டு, இரண்டு நட்டு என்று கட்டிக்கட்டிப் பார்த்து, கடைசியில் எந்த இடத்திலும் நிற்கிற மாதிரி கொண்டு வருவார்கள். ஒரு முழு மத்தியானம் ஆகும். ஒருத்தரும் செல்போனைத் தொடமாட்டார்கள். அந்த மத்தியானத்துக்காகவே நான் இந்த வேலையைச் செய்வேன், சண்முகம்.

புயலுக்கும் வழி செய்திருக்கிறோம். சக்கரம் டவரின் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும். காற்று கட்டுக்கு மீறினால் வால் மடங்கிச் சக்கரம் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். அதற்கு மேலும் போனால் டவரையே அடிக்கீலில் சாய்த்துப் படுக்க வைக்கலாம். 2016 டிசம்பரில் வர்தா அடித்துச் சாய்த்த மரங்களை இந்தத் தெருவிலேயே பார்த்தவன் நான், இதில் மட்டும் சிக்கனம் பார்க்க விடமாட்டேன்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் காற்றாடியைத் தை முடிந்ததும் செய்யூர் பக்கம் ஓர் அம்மா நிலத்தில் நிறுத்தினோம். மாலை போட்டோம், கற்பூரம் காட்டினோம், போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். சித்திரையில் எட்டிப் பார்க்கப் போனால் சக்கரத்தைக் கயிறு போட்டு டவரோடு கட்டியிருந்தார்கள். அந்த அம்மா குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பம்பைப் பிரித்தேன். பிஸ்டனில் இருந்த தோல் வாஷர் மணல் அறுத்து நாராகிக் கிடந்தது. பெரியமேட்டில் வாங்கி விளக்கெண்ணெயில் ஊறப்போட்ட மாற்று வாஷர் என் பையிலேயே இருந்தது. அரை மணி நேர வேலை. அதற்காக நாற்பது நாள் குடம் சுமந்திருக்கிறார். "ஒரு போன் செய்திருக்கக் கூடாதாம்மா" என்றேன். "நீங்க மேல ஏறிக் கட்டுனதைத்தான் சார் பார்த்தேன். கீழ என்ன இருக்குன்னு நீங்க காட்டவே இல்லையே" என்றார்.

இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. கட்டச் சொல்லிக்கொடுத்தேன், பிரிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால் பயிற்சியைத் தலைகீழாக்கிவிட்டேன். இப்போது முதல் வாரம் இறக்கையும் கிடையாது, டவரும் கிடையாது. பம்பு மட்டும். பிஸ்டனைக் கழற்று, வாஷர் மாற்று, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் அடியில் தடுக்கிற ஃபுட் வால்வைக் கழுவு, மறுபடி பூட்டு. பிஸ்டனில் ஒரு சின்னத் துளை போடுகிறோமே, அது எதற்கு என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். சக்கரம் மெதுவாகக் கிளம்பும்போது தண்ணீர் அந்தத் துளை வழியே நழுவிவிடுவதால் பாரம் தெரியாமல் சுற்றத் தொடங்குகிறது, வேகம் பிடித்ததும் நழுவுகிற தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. கிணற்றுக்காரர் வீட்டிலிருந்து ஒருவர் கூடவே உட்கார்ந்து தன் கையால் பிரித்துப் பூட்டினால்தான் அந்த வீட்டுக்குக் காற்றாடி என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

இதற்குத்தான் நீ வேண்டும். மார்க் டூ கைப்பம்பு 1970களில் உருவாகி, இங்கே ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் ஆலையில் தயாராகி ஊர் ஊராக இறங்கிய காலத்தில், அதைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே சைக்கிளில் சுற்றியவன் நீ. தோல் வாஷர் போய், கோவைப் பக்கத்துச் சோதனைகளுக்குப் பிறகு நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்ததையும் கையால் தொட்டுப் பார்த்தவன். ஊருக்கு ஒரு ஆளைப் பிடித்து, போல்ட்டு முறுக்கவும் கிரீஸ் போடவும் பழக்கிவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போவாய். நான் காற்றைப் பற்றிப் பேசுவேன், அந்தப் பம்பு வேலையை நீதான் சொல்லிக்கொடுக்க முடியும். தோலா ரப்பரா என்பதையும் இந்த மணலைப் பார்த்து நீயே சொல்.

ஆவணி முதல் இரண்டு சனிக்கிழமை வா. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கு, நானே வந்து கூட்டிக்கொள்கிறேன். தங்கச்சியையும் அழைத்து வா, கீழ்வீடு காலியாகத்தான் இருக்கிறது, படி ஏற வேண்டாம். வரும்போது பரணில் கிடக்கிற உன் பழைய பம்பு ராடு பிடிக்கிற கவ்வியை மறக்காதே. பிள்ளைகள் ராடை இரண்டு தடவை கிணற்றுக்குள் விட்டுவிட்டார்கள்.

அன்புடன்,
உன் கணேசன்