எசெக்ஸ் கலகம்: காதல் முறிவு அல்ல, குத்தகை முறிவு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னைப் பட்டணம் உருவான வரலாறு குறித்துத் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, 1601இல் எசெக்ஸ் பிரபு ராபர்ட் டெவரோ நடத்திய கலகத்தை, முதலாம் எலிசபெத் ராணியுடன் ஏற்பட்ட காதல் கசப்பால் வந்த வினை என ஒரே வரியில் முடித்துவிட்டது. இது பெரும் பிழை. அந்தக் கலகத்தின் ஆணிவேர் பணம்.

1599இல் அயர்லாந்துக் கிளர்ச்சியை அடக்க 16,000 காலாட்களையும் 1,300 குதிரைவீரர்களையும் கொடுத்து எசெக்ஸை ராணி அனுப்பினார். அவர் கிளர்ச்சித் தலைவரான டைரோன் பிரபு ஹியூ ஓநீலுடன் போர் நிறுத்தம் பேசிவிட்டு, உத்தரவில்லாமல் திரும்பி, நான்சச் அரண்மனையில் ராணியின் படுக்கையறைக்குள்ளேயே நுழைந்தார். காவலில் வைக்கப்பட்டார், பதவிகள் போயின. அதையெல்லாம்கூட அவர் தாங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். இனிப்பு ஒயின் இறக்குமதிக்குச் சுங்கம் வசூலிக்கும் குத்தகைதான் அவருடைய முக்கிய வருமானம். கடன் கொடுத்தவர்கள் அதை நம்பித்தான் பொறுத்திருந்தார்கள். 1600 செப்டம்பர் இறுதியில் கெடு முடிந்தபோது ராணி அதைப் புதுப்பிக்க மறுத்து, வருமானத்தைத் தன் கருவூலத்துக்கே எடுத்துக்கொண்டார். அரசவையில் ராணியின் செயலாளரும் எசெக்ஸின் எதிரியுமான ராபர்ட் செசிலின் கை ஓங்கியிருந்தது. எசெக்ஸை அண்டிப் பிழைத்த படைத்தலைவர்களுக்கும் கடனில் மூழ்கிய பிரபுக்களுக்கும் வேறு போக்கிடம் இல்லாமல் போயிற்று.

ராணியின் அரண்மனையைக் கைப்பற்ற அவர்கள் போட்ட திட்டம் மோசமானதல்ல. லண்டன் வைட்ஹால் அரண்மனையின் வாயிலை கிறிஸ்டோபர் பிளவுன்ட், கூடத்தை ஜான் டேவிஸ், உள்ளறையை சார்லஸ் டான்வர்ஸ் என்று ஆளுக்கொரு இடம் பிடிக்க வேண்டும். பிறகு எசெக்ஸ் ராணி முன் போய் நிற்க வேண்டும். ஆனால் ஓர் அரசரின் பதவி பறிபோவதைக் காட்டும் நாடகத்தை 40 ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்து பிப்ரவரி 7 அன்று குளோப் அரங்கில் நடத்தச் செய்ததே முதல் கோளாறு. அன்றே அரசவை விழித்துக்கொண்டு எசெக்ஸை விசாரணைக்கு அழைத்தது. மறுநாள் ஞாயிறு காலை வீடு தேடி வந்த நான்கு உயர் அதிகாரிகளை உள்ளே பூட்டிவைத்துவிட்டு, ஏறக்குறைய 200 பேருடன் அவர் கிளம்பினார். மேற்கே இருந்த அரண்மனைக்குப் போகவில்லை. கிழக்கே, லண்டன் நகருக்குள் நடந்தார். அந்த இடைவெளியில் சேரிங் கிராஸ் பக்கம் கோச்சு வண்டிகளைக் குறுக்கே இழுத்துவிட்டு அரண்மனைப் பாதையை அடைத்துவிட்டார்கள்.

ஏன் கிழக்கே போனார்? நகரின் ஷெரீப் (சட்டம் ஒழுங்கைக் கவனிக்கும் அதிகாரி) தாமஸ் ஸ்மித் 1,000 ஆயுதப்படையினரைத் தருவார் என்ற நம்பிக்கைதான். ஃபென்சர்ச் தெருவில் இருந்த ஸ்மித்தின் வீட்டுக்கு எசெக்ஸ் வந்ததும், ஸ்மித் பின்வாசல் வழியாக நழுவி மேயரிடம் போய்விட்டார். வழியெங்கும் எசெக்ஸ் போட்ட கூச்சல் 'ராணிக்காக! என்னைக் கொல்லச் சதி!' என்பது. ராணிக்காகவே என்றால் யாரை எதிர்த்து ஆயுதம் எடுப்பது? மக்கள் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் சேரவில்லை. அதற்குள் அவரைத் துரோகி என அறிவிக்கும் பிரகடனமும் தெருவில் ஒலித்தது. திரும்பும் வழியில் லட்கேட் வாயிலில் சங்கிலி கட்டி மறித்திருந்தார்கள். அங்கு நடந்த சண்டையில் பிளவுன்ட் காயப்பட்டார். எசெக்ஸின் தொப்பியைக் குண்டு துளைத்தது. தேம்ஸ் நதியில் படகேறி வீடு சேர்ந்தால், அடைத்துவைத்த அதிகாரிகளை அவருடைய ஆளான கோர்ஜஸே விடுவித்திருந்தார். கையில் பணயமும் இல்லை. பீரங்கி வந்ததும் அன்றிரவே சரணடைந்தார். பிப்ரவரி 25 அன்று லண்டன் டவர் கோட்டைக்குள் அவர் தலை வெட்டப்பட்டது.

கட்டுரையாளர் தவறவிட்ட சென்னைத் தொடர்பும் இங்கேதான் இருக்கிறது. 1600 டிசம்பர் 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த அரச சாசனத்தில் முதல் கவர்னராகப் பெயர் குறிக்கப்பட்டவர் இதே தாமஸ் ஸ்மித். கலகத்துக்குப் பிறகு சந்தேகத்தின் பேரில் அவரும் ஷெரீப் பதவியை இழந்து டவரில் அடைக்கப்பட்டார். ராணி இறந்தபின் ஜேம்ஸ் அரசர் 1603இல் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்; மீண்டும் கவர்னராகிப் பல ஆண்டுகள் கம்பெனியை நடத்தினார். அந்தக் கம்பெனிதான் பின்னர் இங்கே புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டியது. கட்டுரை நூலாக வரும்போது காதல் கதையை நீக்கி, ஸ்மித்தின் பெயரைச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை.