கலகாரிக் கிழங்கு வாங்கும் முன்

அன்புள்ள கதிர்,

நமீபியாவில் உன் விண்ட்ஹூக் கடையில் டெவில்ஸ் கிளா என்ற கிழங்கின் வறல், அதாவது வெட்டிக் காயவைத்த வில்லைகள், கிடைக்கிறது, அத்தையின் மூட்டுவலிக்கு அரைக் கிலோ கொண்டுவரட்டுமா என்று கேட்டிருந்தாய். அத்தைக்கு வேண்டாம்ப்பா. அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். இந்தக் கிழங்கை வார்ஃபரினோடு சேர்த்துச் சாப்பிட்டவருக்குத் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து ஊதாத் திட்டுகள் வந்ததாக மருத்துவப் பதிவு இருக்கிறது. அபூர்வம்தான். இருந்தாலும் வலி குறைய வேறு வழி இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

உன் இடுப்புவலிக்கு என்றால் தாராளமாக வாங்கு. ஆனால் எந்தக் கிழங்கு என்று பார்த்து வாங்கு.

செடி நம் யானை நெருஞ்சிலுக்கும் எள்ளுக்கும் பங்காளி, ஒரே குடும்பம். தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கலகாரிப் பாலை மணலில் தரையோடு படர்ந்து, சிவப்பு கலந்த ஊதாவில் குழல் பூ பூக்கும். காய் முழுக்க வளைந்த கொக்கி. ஆடுமாடு காலில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விதை உதிரும். மருந்து காயிலும் இல்லை, இலையிலும் இல்லை. மழை முடிந்து கொடி வாடியபின் மண்ணுக்கடியில் இருப்பதுதான் சரக்கு. அங்கே நடுவில் செங்குத்தாக இறங்கும் தாய்க்கிழங்கு ஒன்று. அதிலிருந்து பக்கவாட்டில் ஓடும் வேர்களில் நீர் தேக்கி வீங்கிய பக்கக் கிழங்குகள் பல. ஹார்ப்பகோசைடு என்ற கசப்புப் பொருள் பக்கக் கிழங்கில்தான் அதிகம். தாய்க்கிழங்கில் குறைவு.

முறை தெரிந்தவர்கள் செடிக்குச் சற்றுத் தள்ளிக் குழி தோண்டி, பக்கக் கிழங்கை மட்டும் எடுத்து, தாய்க்கிழங்கு அசையாமல் மண்ணை மறுபடி மூடிவிடுவார்கள். அடுத்த மழைக்குச் செடி துளிர்க்கும். அதே செடியை மீண்டும் தொடுவதற்குச் சில ஆண்டுகள் விடுவார்கள். அவசரக்காரன் தாயோடு சேர்த்துப் பிடுங்குவான். எடை கூடும், வீரியம் குறையும், செடியும் போச்சு. விதை எளிதில் முளைக்காது, வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஆகவே போன செடிக்கு ஈடு சீக்கிரம் வராது. நமீபியாவில் இது 1977 முதல் பாதுகாக்கப்பட்ட செடி. தோண்டவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் அனுமதிச் சீட்டு வேண்டும். சாலையோரத்தில் சாக்கில் குவித்து விற்பதை மலிவு என்று வாங்காதே. விமான நிலையத்தில் நீ விழிக்க வேண்டிவரும்.

நல்ல வறல் எப்படி இருக்கும் என்றால்: வட்ட வில்லைகள், ஓரம் சுருங்கியிருக்கும், வெட்டுமுகம் சாம்பல் கலந்த பழுப்பு, நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்போலக் கோடுகள். ஒன்றை ஒடித்துப் பார்; டக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. பச்சைக் கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர்தான். தடிமனாக வெட்டினால் வெளியே காய்ந்ததுபோல் தெரிந்து உள்ளே பூசணம் பிடிக்கும். தரையில் பரப்பிக் காயவைத்தால் மணல் ஒட்டும். வலை மேல் உலர்த்தியது சுத்தமாக இருக்கும். நாக்கில் வை. கசப்பு உடனே ஏறவில்லை என்றால் அந்தக் கடை வேண்டாம்.

மருந்துக்கு இந்தச் செடியில் இரண்டு இனம் உண்டு: புரோகம்பன்ஸ், ஸேஹெரி. மருந்துச் சரக்கின் தரத்தை வகுக்கும் ஐரோப்பிய மருந்து நூல் இரண்டையும் ஏற்கிறது. வறலில் ஹார்ப்பகோசைடு குறைந்தது 1.2 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. வில்லையாகிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் இனத்தின் பெயர் அச்சிட்ட உறையாகப் பார்த்து எடு.

கஷாயம் என்றதும் நம் வழக்கப்படி எட்டுக்கு ஒன்றாக வற்றக் காய்ச்சிவிடாதே. நொறுக்கிய வறல் 4.5 கிராம் எடு. 300 மில்லி கொதிநீரை ஊற்றி மூடி, எட்டு மணி நேரம் அப்படியே வை. இரவு ஊற்றினால் காலையில் வடிகட்டலாம். மூன்று பங்காக்கி அன்றே குடித்து முடி. 1.2 சதவீதச் சரக்கு என்றால் 4.5 கிராமில் 54 மில்லிகிராம் ஹார்ப்பகோசைடு. இடுப்புவலி ஆய்வுகளில் நாளுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். முழுவதும் நீரில் இறங்காது, ஆகவே கீழ்வரம்புக்கும் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். மாத்திரை வாங்கினால் உறையில் சாறு எத்தனை மில்லிகிராம் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்; அதை விடு, ஹார்ப்பகோசைடு எவ்வளவு என்று தேடு. அது போடாத டப்பாவைத் திருப்பி வைத்துவிடு.

குடித்த அன்றே வலி நிற்காது. இரண்டு மூன்று வாரம் பொறு. நான்கு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. அது கிழங்கு வேலை இல்லை.

அதிகம் வரும் தொல்லை வயிற்றுப்போக்கு. கசப்பு வயிற்று அமிலத்தைத் தூண்டும், அதனால்தான் பசியின்மைக்கும் இதைக் கொடுப்பார்கள், நாளுக்கு 1.5 கிராம் போதும். அதே காரணத்தால் குடல்புண், இரைப்பைப்புண் உள்ளவர் தொடக் கூடாது. பித்தப்பைக் கல் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் வேண்டாம். உன் அறைத்தோழன் சர்க்கரை மாத்திரை போடுகிறான் என்றாயே, அவனும் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும்.

ஐரோப்பியர் இதைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. கலகாரியின் பூர்வகுடிகளான சான் மக்கள் காய்ச்சலுக்கும் வயிற்றுக்கும் பிரசவ வலிக்கும் இதைக் கொடுத்தார்கள், புண்ணுக்குக் களிம்பாகவும் பூசினார்கள். இன்றும் வெயிலில் மணலைத் தோண்டுவது பெரும்பாலும் அவர்களும் அக்கம்பக்கத்து ஏழைகளும்தான். மருந்துக்கடை விலையில் அவர்கள் கைக்கு வருவது சொற்பம். தோண்டுபவர்களின் கூட்டமைப்பிலிருந்து நேராக வரும் சரக்கு கிடைத்தால் பத்து டாலர் கூட ஆனாலும் அதையே வாங்கு. 200 கிராம் போதும், ஆறு வாரத்துக்கு வரும். மூடி இறுக்கமான டப்பாவில், அடுப்பங்கரைக்குத் தள்ளி வை.

உறையின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா